தன்மைப் பன்மையும் பெண்களின் நினைவுக் குறிப்பும்: ரமாபாய் ரானடே நூலை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

நாட்டு விடுதலைக்கு முன் இந்தியப் பெண்கள் எழுதிய தன்வரலாறுகளில் குடும்பம், கல்வி, பொதுப்பணி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இவற்றைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வது பெருவழக்கு. ஆயினும், நினைவு கூர்பவர் 'நான்', 'நாங்கள்' எனக் கூறும்போது யாரை உட்படுத்துகிறார், யாரை விலக்குகிறார் என்பதைத் தெளிந்த பின்னரே அச்சான்றுகள் பயன்படும். மராத்தியில் ரமாபாய் ரானடே எழுதி 1910இல் வெளிவந்த 'ஆம்ச்யா ஆயுஷ்யாத்தீல் காஹீ ஆட்டவணீ' என்னும் நூலின் தலைப்பைக் கொண்டு இச்சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நூலாசிரியர்

கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே, முதல் மனைவி மறைந்தபின், தந்தையின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1873இல் சிறுமியான ரமாபாயை மணந்தார். எழுத்தறியாது வந்த மனைவிக்கு மராத்தியும் பின்னர் ஆங்கிலமும் கற்பிக்க அவரே முன்னின்றார். வீட்டின் மூத்த பெண்கள் அக்கல்வியை எதிர்த்தனர். ரானடே 1901இல் காலமானார். 1904இல் பம்பாயில் கூடிய பாரத மகளிர் பரிஷத்திற்கு ரமாபாய் தலைமை தாங்கினார்; புனே சேவா சதனை வழிநடத்தினார். எனவே, கணவருடன் வாழ்ந்த காலத்தை நினைவு கூர்பவர், பொதுப்பணியில் தமக்கென ஓர் இடம் பெற்றுவிட்ட பெண் என்பது கருதத்தக்கது.

3. 'எங்கள்' என்பதன் எல்லை

'ஆம்ச்யா' என்பது 'ஆம்ஹீ' என்னும் தன்மைப் பன்மையின் உடைமை வடிவம். தமிழின் நாங்கள்–நாம் வேறுபாட்டைப் போன்று, மராத்தியிலும் முன்னிலையாரை விலக்கும் 'ஆம்ஹீ'யும் உட்படுத்தும் 'ஆபண'வும் உள்ளன. எனவே தலைப்பைத் தமிழில் 'எங்கள் வாழ்வின் சில நினைவுகள்' எனப் பிழையின்றிப் பெயர்க்கலாம். 'நம் வாழ்வின்' என்றால் வாசகரும் உட்பட்டுவிடுவர். ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இவ்வேறுபாடு இல்லை.

எனினும் சிக்கல் இத்துடன் தீர்வதில்லை. உடன்பிறந்தார் இல்லாதவரும் தமிழில் 'எங்கள் அப்பா' என்றே கூறுவர். 'எங்கள்' என்பது கணவன் மனைவி இருவரையும் குறிக்கலாம். கூட்டுக் குடும்பம் முழுவதையும் குறிக்கலாம். படிப்பை எதிர்த்த மூத்த பெண்கள் 'எங்கள் வீடு' என்பதற்குள் அடங்குவர். 'எங்கள் படிப்பு' என்பதற்குள் அடங்கார். இவ்வெல்லையை மொழிபெயர்ப்பாளர் இடந்தோறும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியுள்ளது.

4. ஆங்கிலத் தலைப்புகள்

கேத்தரின் வான் அக்கின் கேட்ஸ் 1938இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் தலைப்பு 'ஹிம்செல்ஃப்' என்பதாகும். குசுமாவதி தேஷ்பாண்டே 1963இல் வெளியிட்டது, 'ரானடே: அவர் மனைவியின் நினைவுகள்' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது.

கணவரின் பெயரைச் சொல்லாமல் தமிழ்ப் பெண்கள் 'அவர்', 'எங்கள் வீட்டுக்காரர்' என்பர். மராத்திப் பெண்கள் 'இகடே', 'திகடே' என்னும் இடச்சுட்டுகளால் குறித்தனர். முதல் தலைப்பு, தமிழின் 'தாம்' போன்ற ஒரு சொல்லால் அம்மரபை ஆங்கில வாசகருக்கு உணர்த்துகிறது எனலாம். இரண்டாவது, மனைவி சொல்லத் தயங்கும் பெயரையே முதலில் நிறுத்துகிறது. இரண்டிலும் 'எங்கள்' மறைந்து, இருவர் வாழ்வு ஒருவர் வரலாறாகிறது. தலைப்பை மட்டும் நோக்கும் ஆய்வாளர், பெண் கல்விக்கான முதன்மைச் சான்று ஒன்றை ஓர் ஆணின் வாழ்க்கை வரலாறு என ஒதுக்கிவிடவும் கூடும்.

5. ஓர் ஒப்பீடு

19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி எழுதிய தன்வரலாறு 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', எனப்படுகிறது. அவருக்குக் கற்பிப்பார் எவருமிலர். சைதன்ய பாகவதத்தின் ஏடு ஒன்றைச் சமையலறையில் மறைத்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையின் எழுத்துகளோடு ஒப்பிட்டுத் தாமே படிக்கக் கற்றார். தனித்துப் பெற்ற கல்விக்கு ஒருமையும், கணவர் துணையுடன் பெற்ற கல்விக்குப் பன்மையும் பொருந்தி நிற்பது நோக்கத்தக்கது.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. தலைப்பிலுள்ள ஒருமை பன்மையை மாற்றலாகாது. ஆசிரியர் சுட்டுப்பெயரால் குறித்த இடத்தில் கணவரின் பெயரை நிரப்பாமல், தேவையாயின் அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். 'எங்கள்' என்பதன் எல்லை மாறும் இடங்களைச் சூழல் கொண்டு தெளிவுபடுத்த வேண்டும். உட்படுத்தும் பன்மையையும் விலக்கும் பன்மையையும் இயல்பாகவே உடைய தமிழ், இவ்வகை நூல்களைப் பெயர்ப்பதற்கு ஆங்கிலத்தினும் ஏற்ற மொழியாகும். ஆங்கிலம் வழியாகப் பெயர்த்தால் அவ்வாய்ப்பை இழக்க நேரும். ஆதலின் மராத்தி மூலத்திலிருந்தே நேரடியாகப் பெயர்த்தல் இன்றியமையாதது.