பெரிய பிரேக், சின்ன வீல்: எந்த அங்குலத்தில் நிற்பது?

தாராபுரத்தில் ஓடும் ஒரு எஸ்.யு.வி.க்கு இரண்டு விதமான சோதனை காத்திருக்கிறது. தெற்கே பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்குவது ஒன்று. ஊரைச் சுற்றியுள்ள இட்டேரி எனும் குறுகிய மண்பாதைகளிலும், காற்றாலைகளுக்குப் போகும் மண்தடங்களிலும் சுக்கான்கல் மேல் உருளுவது இன்னொன்று. மலை இறக்கம் பெரிய பிரேக்கைக் கேட்கிறது; இட்டேரி, தடித்த டயரையும் சின்ன ரிம்மையும் கேட்கிறது. இந்த இரண்டு தேவைகளும் மோதிக்கொள்ளும் இடம் வீலுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளிதான். திருப்பூர் வட்டாரத்தில் விலை உயர்ந்த எஸ்.யு.வி. வாங்குகிறவர்களில் பலர் அந்த இடைவெளியைப் பார்ப்பதில்லை. 20 அங்குல ரிம் போதாது, 22 போடலாம் என்று மேலே போகிறார்கள். காட்டுத்தடத்தில் ஓட்டும் ஆசை உள்ள வேறு சிலர், 18-க்கு இறங்கினால் போதும் என்று பிரேக்கையே தேய்க்கத் துணிகிறார்கள். இரண்டும் தவறு. பிரேக் இடம் கொடுக்கும் கடைசி அங்குலம் வரை தயங்காமல் இறங்கலாம். அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூட இறங்கக் கூடாது.

முதலில் பிரேக் ஏன் இவ்வளவு பெரிதானது என்று பார்ப்போம். ஆள், சாமானோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 9.6 லட்சம் ஜூல். வண்டியை நிறுத்த, அதில் பெரும்பகுதியை பிரேக் டிஸ்க்குகள் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். இனி மலைக்கு வருவோம். கொடைக்கானலுக்கும் பழனிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். அதே வண்டி அந்த உயரம் முழுவதையும் இறங்கும்போது 4.4 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பத்தைந்து தடவை நிறுத்துவதற்குச் சமம் இது. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் கணிசமான பங்கைச் சுமக்கும். காற்றும் உருளும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதி டிஸ்க்கின் தலையில்தான். குறுக்களவு கூடினால் பிடிமானத்துக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது, சூட்டைத் தாங்க இரும்பும் கூடுகிறது, காற்று பட்டு ஆறப் பரப்பும் கிடைக்கிறது. ஆகவே எடையும் குதிரைத் திறனும் ஏறும்போது டிஸ்க்கும் பெரிதாவது வெறும் விளம்பரத்துக்காக அல்ல.

இந்த மோதலை மிகத் தெளிவாகக் காட்டும் வண்டி லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் ஆக்டா. 2024 ஜூலையில் உலகுக்கு அறிமுகமானது. இந்தியாவில் அறிமுக விலை இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். 4.4 லிட்டர் வி8 எஞ்சின், 635 குதிரைத் திறன், முன்பக்கம் 400 மி.மீ. டிஸ்க். இத்தனை வேகமுள்ள வண்டிக்கு நிறுவனம் 20 அங்குல வீலையும் கொடுக்கிறது, 22-ஐயும் கொடுக்கிறது. 20-க்கு 275/60 டயர், 22-க்கு 275/50. கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த உயரமும் ஏறத்தாழ 83 செ.மீ.தான். ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள ரப்பர் சுவர், 20-இல் 165 மி.மீ.; 22-இல் 137 மி.மீ. சொச்சம். வண்டியின் உயரம் மாறவில்லை, தரை இடைவெளி மாறவில்லை. மாறியது கல்லைத் தாங்கும் சுவர் மட்டுமே.

அந்தச் சுவர் என்ன செய்கிறது? மணலிலோ கல் பரவிய தடத்திலோ இறங்கும்போது டயர் காற்றைப் பாதியளவுக்குக்கூடக் குறைப்பது வழக்கம். காற்று குறைந்தால் டயர் தொய்ந்து, தரையோடு ஒட்டும் பகுதி நீளும், எடை பரவும், வண்டி மணலில் புதையாது. சுவர் உயரமாக இருந்தால்தான் இப்படித் தொய்ய இடமிருக்கும். சுவர் குட்டையாக இருந்தால் கூர்மையான கல்லில் ஏறும் நொடியில் ரப்பர், கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே நசுங்கி வெட்டுப்படும்; ரிம்மும் நெளியும். மழைக்குப் பின் தார் பெயர்ந்த நம் ஊர்ச் சாலைக் குழிகளும் இதே வேலையைச் செய்கின்றன. டாக்கர் பேரணியில் முன்வரிசை நான்கு சக்கர வண்டிகள் 37 அங்குல உயர டயரை 17 அங்குல ரிம்மில்தான் மாட்டி ஓடுகின்றன. பாலைவனத்தில் அசுர வேகத்தில் ஓடுகிற அவர்களே ரிம்மைச் சின்னதாக வைத்து ரப்பரை உயர்த்தியிருக்கிறார்கள்.

விலை குறைந்த வண்டியிலும் கதை இதுவே. மஹிந்திரா தார் ராக்ஸுக்கு 255/65 ஆர்18, 255/60 ஆர்19 என இரண்டு அளவுகள் உண்டு. மொத்தக் குறுக்களவு இரண்டிலும் 789 மி.மீ. அளவில்தான். 19-க்குப் போகிறவர் ஒவ்வொரு பக்கமும் 13 மி.மீ. ரப்பரைக் கொடுத்து அதே அளவு அலுமினியத்தை வாங்குகிறார். நெடுஞ்சாலையில் இதை உணர மாட்டார், இட்டேரியில் உணர்வார்.

அப்படியானால் ஆக்டாவுக்கும் 18 அங்குலம் போட்டுவிடலாமே என்ற கேள்வி வரும். இங்கேதான் மில்லிமீட்டர்கள் பேசுகின்றன. 18 அங்குலம் என்றால் 457 மி.மீ. ஆனால் இது டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் அளவு. பிரேக் பட்டைகளால் டிஸ்க்கை இருபக்கமும் கவ்வும் காலிப்பர் நிற்பது அதற்கும் உள்ளே. டயரை ஏற்றி இறக்க ரிம்மின் நடுவில் விட்டிருக்கும் பள்ளம் உள்பக்கமாகத் துருத்துகிறது; உலோகத் தடிமனும் சேர்கிறது. எனவே உள்ளே உண்மையில் கிடைப்பது 457-ஐ விடக் கணிசமாகக் குறைவு. 400 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி காலிப்பரின் முதுகு வேறு எழும்பி நிற்கிறது. சாதாரண 18 அங்குல வீல் அதன்மேல் உட்காராது. 20 அங்குலம், அதாவது 508 மி.மீ., உட்காரும்.

ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை 13 அங்குல வீலுக்குள் 278 மி.மீ. டிஸ்க்கை வைத்து ஓடவில்லையா என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். ஓடின. 330 மி.மீ. ரிம்முக்குள் அது பக்கத்துக்கு 26 மி.மீ. இடம்தான். ஆனால் அந்த வீலும் காலிப்பரும் ஒன்றுக்கொன்று என்றே அளந்து செய்தவை. ஓடுவது பெருக்கித் துடைத்த பந்தயத் தடத்தில். நம் தடத்தில் டயர் வாரி இறைக்கும் பொடிக்கல் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கினால், வீலின் உட்சுவரை வட்டமாக உழுது கோடு போடும். ஆழமாக உழுதால் வீலே பலவீனப்படும். மண்தடத்துக்குப் போகும் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக வேண்டுமே தவிர, குறைவாக அல்ல. 2022-இல் ஃபார்முலா 1 வீல் 18 அங்குலமானபோது டிஸ்க்கும் 330 மி.மீ. வரை வளர்ந்தது. பிரேக்கையும் வீலையும் சேர்த்தே வரைய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிலர் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: காலிப்பரின் முதுகைக் கிரைண்டரில் தேய்ப்பது, அல்லது குறைந்த திறனுள்ள மாடலின் சின்ன பிரேக்கை மாட்டுவது. முதலாவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். டிஸ்க்கைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் இணைக்கும் அந்த முதுகுதான், பெடலை மிதிக்கும்போது காலிப்பர் விரியாமல் பிடித்து நிறுத்துகிறது. அங்கே உலோகம் குறைந்தால் அழுத்தம் பட்டையை அமுக்குவதற்குப் பதில் காலிப்பரை விரிக்கும். பெடல் ஆழமாக இறங்கும். தேய்த்த அன்று ஒன்றும் தெரியாது. கடைசிக் கொண்டை ஊசி வளைவில், எல்லாம் சூடேறிக் கிடக்கும்போது தெரியும். இரண்டாவது வழி பார்வைக்குச் சாதுவானது. ஆனால் ஏ.பி.எஸ்.ஸும் முன்பின் பிரேக் பங்கீடும் பழைய காலிப்பருக்கென்று அமைத்தவை. எஞ்சின் பலம் அப்படியே இருக்க, நிறுத்தும் பலத்தை மட்டும் குறைப்பதில் என்ன நியாயம்?

எதிர்வாதங்களில் வலுவானது நெடுஞ்சாலை பற்றியது. உயரமான ரப்பர் சுவர் வளைவில் கொஞ்சம் நெளியும். ஸ்டீயரிங் பதில் சொல்லச் சற்றுத் தாமதமாகும். மண்தட டயர் போட்ட வண்டி ஈரத் தாரில் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். மறுக்க முடியாது. ஆக்டாவின் உச்ச வேகமான மணிக்கு 250 கி.மீ.கூட 22 அங்குல வீலுக்கு மட்டுமே. ஆனால் அந்த வேகத்துக்கு நம் சாலை எதிலும் அனுமதி இல்லை. கோவைக்கும் பெங்களூருக்கும் தாரிலேயே ஓடி, மண்ணில் இறங்கவே இறங்காத வண்டி என்றால் பெரிய வீலே இருக்கட்டும். சட்டத்தைச் சொல்லித் தடுக்கிறவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. என் வாதத்துக்கு இது துணைதான். தயாரிப்பாளரே அனுமதித்த அளவுகளில் சிறியதைத் தேர்ந்தெடு என்பதுதானே நான் சொல்வது?

வீலை மாற்றும் இடத்தில் இரண்டு காரியங்களைக் கேட்டே ஆக வேண்டும். முதலாவது, நகரும் வகைக் காலிப்பரானால் இடைவெளியைப் புதுப் பட்டையோடு அளப்பது. பட்டை தேயத் தேயக் காலிப்பரின் வெளிமுகம் உள்ளே போய்விடும். தேய்ந்த பட்டையோடு பார்த்து "இடம் இருக்கு" என்று அனுப்பிவிட்டால், புதுப் பட்டை போட்ட அன்று வீலின் கைகளில் உரசும். இரண்டாவது, பேலன்ஸிங் செய்யும்போது ரிம்மின் உட்புறம் ஒட்டும் ஈயக்கட்டி. சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் இடைவெளியே சில மில்லிமீட்டராக இருக்கையில், காலிப்பருக்கு நேரே ஒட்டினால் முதல் சுற்றிலேயே பெயர்ந்துவிடும். இவை தவிர, ஸ்டெப்னியும் அதே மொத்தக் குறுக்களவில் இருக்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒன்று மட்டும் அளவு மாறினால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் அறுபது ஆண்டுகளாக ஒரே வட்டாரத்தில் இயங்குகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளையும் அங்கே உருவாக்குவது அந்தத் திட்டத்தின் பகுதி. வீலும் பிரேக்கும் வண்டியும் இந்த மண்ணிலேயே உருவாகும்போது, ஒரு சின்னத் தகவலைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. டயர் காற்றழுத்தத்தைக் கதவுத் தூணில் அச்சிட்டு ஒட்டுகிறார்கள். அதே தாளில் "இந்தப் பிரேக்குக்குக் குறைந்தபட்ச ரிம் இத்தனை அங்குலம்" என்று ஒரு வரி சேர்க்கட்டும். இப்போது அந்த அளவை வண்டிக்காரர் கடைக்குக் கடை விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஒவ்வொரு கடையிலும் ஒரு பதில் கிடைக்கிறது.