காற்புள்ளி நிற்கும் இடம்

2011-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் சில திறந்து பார்க்கப்பெற்றன. உள்ளிருந்தவற்றின் மதிப்பு ஓர் இலட்சம் கோடி ரூபாய் இருக்கலாமெனப் பத்திரிகைகள் எழுதின. அஃது அதிகாரபூர்வமான கணக்கன்று. ஆயினும் அத்தொகையை இலக்கத்தில் எழுதிப் பார்த்தல் நமக்குப் பயன்படும். 1000000000000 என்று எழுதினால், விரல் வைத்து எண்ணாமல் படித்தல் அரிது. நம் நாட்டு வழக்கில் அது 10,00,00,00,00,000. மேனாட்டு வழக்கில் 1,000,000,000,000.

இவ்விரு முறைகளும் வேறுபடுவதற்குக் காரணம் எண்ணுப் பெயர்களே. ஆயிரத்துக்கு மேல், நூறு மடங்குக்கு ஒரு பெயர் நமக்கு உண்டு: இலட்சம், கோடி. மேனாட்டாருக்கோ ஆயிரம் மடங்குக்கு ஒரு பெயர். பெயர் மாறுமிடத்தில் காற்புள்ளி நிற்கிறது. பழந்தமிழ்க் கணக்கர்களுக்கு இத்தொல்லையே இல்லை. 2,345 என்பதை அவர்கள் ௨௲௩௱௪௰௫ என எழுதினர். ஆயிரமும் நூறும் பத்தும் தத்தம் குறியுடன் வரிசையிலேயே அமைந்திருந்தன. மலையாளத்திலும் இத்தகைய குறிகள் இருந்தன.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் ஒருவர், தம் கணக்குச் செயலியில் 12,345,678 என்ற தொகையைக் காண்கிறார் என்று கொள்வோம். இரண்டாம் காற்புள்ளிக்கு இடப்புறம் இருப்பது இலட்சம் என்பது அவருடைய கண்ணுக்குப் பழகிய வழக்கு. ஆதலின் பன்னிரண்டு இலட்சம் என்றே முதலில் படிப்பார். உண்மையில் அது 1,23,45,678. அதாவது ஒரு கோடியே இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேல். எண் ஒன்றே, படித்த தொகையோ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது!

செயலி அமைப்போர் அனைவரையும் இதற்குக் குறை கூறுதல் முறையன்று. ஜாவா மொழியுடன் வரும் எண்ணமைப்புக் கருவி ஒரே அளவுள்ள தொகுதிகளையே அறியும். முதலில் மூன்று, பின்னர் இரண்டிரண்டு என்று கேட்டாலும், கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னுள்ள அளவை மட்டும் எடுத்துக்கொண்டு யாவற்றையும் மும்மூன்றாகவே பிரிக்கும். யூனிகோடு அமைப்பின் நூலகம் இரண்டு அளவுகளையும் ஏற்பதாகும். 2016-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7-ஆம் பதிப்பு முதல் அது செயலிகளுக்கு நேரே கிடைக்கிறது. மொழியை மட்டும் நோக்கினால் போதாது, நாட்டையும் நோக்க வேண்டும் என்பதும் அதில் விளங்கும்: இந்தியத் தமிழுக்கு இலட்ச முறையும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு மும்மூன்று முறையும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன.

அறிவியல் நூல்களுக்கு விதி வேறு. எடை, அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1948-இல் கூடியபோது, இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்கலாமென்றும், இடைவெளியில் புள்ளியோ காற்புள்ளியோ இடலாகாதென்றும் தீர்மானித்தது. 2003-இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. சில நாடுகளில் காற்புள்ளியே பதின்மப் புள்ளியாக வழங்குவது இதற்குக் காரணம்.

பெரிய இடர் எண்ணை உள்ளிடும்போது நேர்வதாகும். ஒவ்வோர் இலக்கத்தையும் தட்டியவுடன் செயலி காற்புள்ளிகளை இடம் மாற்றுகிறது. அம்மாற்றத்தையே புதிய உள்ளீடு என்று அது கருதினால், தன்னைத் தானே ஓயாது அழைத்துக்கொள்ளும். சுட்டுக்குறி பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், அடுத்த இலக்கம் தவறான இடத்தில் விழும். சுட்டுக்குறிக்கு வலப்புறம் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்று காற்புள்ளிகளை நீக்கி எண்ணி, திருத்திய பின்னும் அத்தனையே வலப்புறம் இருக்குமாறு அதனை நிறுத்துதல் நல்ல வழி. சேமிப்பில் வெறும் எண்ணே இருத்தல் வேண்டும். காற்புள்ளி திரையோடு நின்றுவிடத் தக்கது.

சோதனை செய்வோர் பெரும்பாலும் சிறு தொகைகளையே தட்டிப் பார்க்கின்றனர். 99,999 வரையில் இரு முறைகளும் ஒன்றுபோலவே தோன்றும். அதனுடன் ஒன்று கூட்டினால்தான், 1,00,000 என வருகிறதா, 100,000 என வருகிறதா என்பது தெரியும்.