திருவண்ணாமலையைப் படிக்கப் பழகும் கணிப்பொறி

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் பக்கம் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. குறைதீர்க்கும் நாளன்று ஊர் ஊராக மக்கள் மனுக்களோடு வருவார்கள். கையால் எழுதிய மனுக்களும் அவற்றில் உண்டு. ஒருவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்னொருவருடையது கோழி கிளறியது போலிருக்கும். நாம் எப்படியோ படித்துவிடுகிறோம். கணிப்பொறி படிப்பது எப்படி?

மூளை நரம்புகளைப் பார்த்துத் தோன்றிய 'நரம்பு வலை' என்ற கணக்கு முறை இதற்கு உதவுகிறது. பழைய வானொலிப் பெட்டியில் திருகைத் திருப்பித் திருப்பி நிலையத்தைப் பிடிப்போம் அல்லவா? நரம்பு வலைக்குள் அத்தகைய திருகுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். (உண்மையில் அவை வெறும் எண்கள்தான்.) ஓர் 'அ'வைக் காட்டுகிறோம். அது 'சு' என்கிறது. தவறு! எந்தத் திருகு எவ்வளவு தவறு செய்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வொன்றையும் சிறிது திருப்புகிறோம். பிறகு அடுத்த எழுத்து. இப்படிப் பின்னோக்கித் திருத்தும் முறை 1986ஆம் ஆண்டு ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாயிற்று.

பழக்குவதற்கு எழுத்துகள் வேண்டுமே! எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வுக்கூடம் தமிழ் எழுத்துகளைத் திரட்டியது. எழுதியவர்கள் பெங்களூரிலும் சேலத்திலும் இருந்த தமிழர்கள். அவர்களில் உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 247 எழுத்துகளையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. 'கா' என்பது 'க'வும் காலும்தானே? இப்படிப் பிரித்து, கிரந்த எழுத்துகளையும் சேர்த்தபோது 156 உருவங்கள் போதுமானவையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 மாதிரிகள். 2006இல் நடந்த ஓர் எழுத்தறியும் போட்டிக்கு இந்தத் தொகுப்பே பயன்பட்டது.

156ஐ 500ஆல் பெருக்குங்கள்: 78,000. ஒருமுறை காட்டினால் வலைக்குப் புரியாது. 20 முறை காட்டினால் 15,60,000 தடவை திருகுகளைத் திருப்ப வேண்டும். கோடிக்கணக்கான படங்கள் என்றால் நேரமும் மின்சாரமும் எவ்வளவு செலவாகும்! அவற்றில் பல ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். ஒரே மாதிரியான நூறு 'அ'க்களைக் காட்டுவதில் என்ன லாபம்?

ஒத்தவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பதுதான் வழி. ஆறு பேர் எழுதிய 'ட'வின் உயரங்கள் 8, 9, 10, 18, 20, 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொத்துகள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 8ஐயும் 9ஐயும் மையங்களாக எடுங்கள். 8 தனியாக நிற்கும். மற்ற ஐந்தும் 9இன் பக்கம் சேரும். அந்த ஐந்தின் சராசரி 15.8. இப்போது மையங்கள் 8, 15.8. மீண்டும் பிரியுங்கள். 9க்கும் 10க்கும் இப்போது 8தான் அருகில். அவை அங்கே தாவிவிடும். புதிய சராசரிகள் 9, 20. இன்னொரு முறை பிரித்தால் எதுவும் இடம் மாறாது. வேலை முடிந்தது! மோசமான இடத்தில் தொடங்கியும் சரியான கொத்துகள் கிடைத்துவிட்டன, பாருங்கள். எப்போதும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. அதனால் வேறு வேறு இடங்களில் தொடங்கிப் பார்ப்பது வழக்கம்.

உயரம் மட்டும் போதாது, அகலம், சாய்வு, வளைவு எல்லாம் வேண்டும். பல அளவுகள் சேரும்போது 'அருகில்' என்றால் என்ன? கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடும் ஆராய்ச்சியில் இதே கேள்வியைச் சந்தித்தார். 1936இல் அவர் வகுத்த 'மகலனோபிஸ் தொலைவு' இன்றும் கொத்துப் பிரிப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது.

கொத்துகளால் இன்னொரு லாபமும் உண்டு. 78,000 எழுத்துகளில் இரட்டைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க, இரண்டிரண்டாக ஒப்பிட்டால் சுமார் 304 கோடி ஒப்பீடுகள். 780 கொண்ட 100 கொத்துகளாக்கி, கொத்துக்குள் மட்டும் ஒப்பிட்டால் சுமார் 3 கோடிதான். 2023இல் இந்த முறையைக் கையாண்ட ஆராய்ச்சியாளர்கள், இணையத்தில் திரட்டிய பெரும் படத்தொகுப்பு ஒன்றில் பாதியை நீக்கியும் வலையின் திறமை மிகச் சிறிதளவே குறைந்ததைக் கண்டார்கள். பழக்கும் நேரமோ பாதியாகிவிட்டது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? 2022இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியின் விடை எனக்கு மிகவும் பிடித்தது. மாதிரிகள் ஏராளமாக இருந்தால் மையத்திலிருந்து விலகி நிற்கும் கடினமானவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். குறைவாக இருந்தால் மையத்தருகே உள்ள எளியவற்றை. பாடம் படிக்கும் நமக்கும் இது பொருந்துகிறதல்லவா?

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, ணை, னை, ளை ஆகியவற்றுக்கு மேலே யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. ணா, றா, னா முதலியவையும் வேறு வடிவில் இருந்தன. முன்பே பள்ளி முடித்த பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'திருவண்ணாமலை' என்று எழுதிப் பாருங்கள். 'ணா', 'லை' என்று மாறிய எழுத்துகள் இரண்டு!

பத்தாயிரம் மனுக்களில் பழைய 'லை' இருபதுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் அது வேறு கொத்தில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். தனிக் கொத்தாகப் பிரிந்தாலும் 'சிறியது, மைக்கறையாக இருக்கும்' என்று எறிந்துவிடலாம். அப்புறம் பாட்டியின் மனுவில் ஊர்ப் பெயரையே கணிப்பொறி தவறாகப் படிக்கும். பெரிய கொத்தில் தாராளமாகக் குறைத்து, சிறிய கொத்தை அப்படியே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது கறையா எழுத்தா என்று ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்: வகுப்பில் 40 பேரிடம் சிறு தாள்களில் 'லை' எழுதி வாங்குங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடமும் வாங்குங்கள். தரையில் பரப்பி, ஏதாவது ஐந்தை மையமாக வைத்து, ஒத்தவற்றை அவற்றின் கீழ் அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் நடுத்தரமானதைப் புது மையமாக்கி மறுபடி அடுக்குங்கள். தாள்கள் இடம் மாறாத வரை தொடருங்கள். தாத்தாவின் 'லை' எந்த அடுக்கில் போய்ச் சேர்ந்தது?