கீமோ எடுப்பவருக்கு வயிற்றெரிச்சலா? நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க!

தேனி, உசிலம்பட்டி பக்கமிருந்து மதுரைக்கு வரும் பஸ்கள் காளவாசலைத் தாண்டித்தான் ஆரப்பாளையம் போகின்றன. பாலரங்காபுரத்தில் இருக்கும் அரசு புற்றுநோய் சிகிச்சை மையத்துக்கும், தனியார் மருத்துவமனைகளுக்கும் கீமோ போட வருகிறவர்களும் இந்த பஸ்களில் இருப்பார்கள். ஊர் திரும்பிய இரண்டாம் நாள் வயிறு எரியும். 'கேஸ்தான்' என்று ஒரு மாத்திரை, உடம்பு வலிக்கு இன்னொரு மாத்திரை என்று பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது நம் ஊரில் சகஜம். கீமோ நடக்கும் காலத்தில் அது ஆபத்து. ஏன் தெரியுமா?

புண் எப்படி ஆறுகிறது?

நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம் வீரியமானது. அது இரைப்பையையே அரிக்காமல் உட்புறச் சவ்வு காக்கிறது. அந்தச் சவ்வின் மேல் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதிதாக முளைக்கும். புண் வந்தால், ஓரத்தில் இருக்கும் செல்கள் வேகமாகப் பெருகி, நகர்ந்து வந்து குழியை மூடும். அடியில் புது ரத்தக் குழாய்களும் உருவாக வேண்டும்.

கீமோ என்ன செய்கிறது?

கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. அது புற்றுநோய் செல்லா, புண்ணை ஆற்ற வந்த செல்லா என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இதனால்தான். 1957-ல் அறிமுகமாகி இன்றும் பயன்படும் 5-ஃப்ளூரோயுராசில் ஓர் உதாரணம். செல் தன் டி.என்.ஏ-வைப் பிரதியெடுக்கத் தேவையான ஒரு மூலப்பொருள் உருவாவதையே அது தடுத்துவிடும்.

சாதாரண இரைப்பைப் புண் மருந்து சாப்பிட்டால் ஆற 4 முதல் 8 வாரங்கள் ஆகும். கீமோவோ பலருக்கு 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை. புண் மூடுவதற்குள் அடுத்த டோஸ் வந்துவிடுகிறது.

பெவாசிசுமாப் போன்ற மருந்துகள் புது ரத்தக் குழாய்கள் உருவாவதையே தடுப்பவை. அதனால்தான் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள்கள் இந்த மருந்தைத் தருவதில்லை.

வலி மாத்திரை ஏன் கூடாது?

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை இரைப்பைச் சவ்வின் பாதுகாப்பைக் குறைக்கும். கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாள்களில் பலருக்கு ரத்தத் தட்டணுக்களும் குறையும். புண்ணில் ரத்தம் கசிந்தால் லேசில் நிற்காது. வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

'கேஸ் மாத்திரை'யும் எல்லோருக்கும் பொருந்தாது. ஓமிப்ரசோல் போன்றவை மெத்தோட்ரெக்ஸேட் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். எர்லோட்டினிப் மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கலாம். ஆனால், மருத்துவரே எழுதித் தந்திருந்தால் பயமின்றிச் சாப்பிடலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க...

* முன்பு அல்சர் இருந்திருந்தால், முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல அல்சர்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைப் பரிசோதனையில் கண்டுபிடித்துக் குணப்படுத்த முடியும்.

* வேறு நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் காட்டுங்கள். இதயத்துக்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

* சால்னா, ஊறுகாய், மதுவைத் தள்ளிவையுங்கள். குழைந்த சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளைகளாகக் கொடுங்கள்.

* மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகள்களோ தெரிந்தாலோ, திடீரென வயிறு கல் போல இறுகி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வயிறு எரிகிறது என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால், மருத்துவர் புண்ணுக்கு மருந்து தருவார். தேவைப்பட்டால் டோஸைக் குறைப்பார், தேதியைச் சற்றுத் தள்ளிவைப்பார். மறைத்து, ரத்தக் கசிவில் போய் முடிந்தால்தான் சிகிச்சையே தடைபடும். எனவே, அடுத்த முறை போகும்போது வயிற்றெரிச்சலையும் மறக்காமல் சொல்லுங்கள்.