நைட்ரோ ஆர்.சி. காரில் கிளட்ச்: எதை வாங்கணும், எப்போ மாத்தணும்?

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டியிருக்கிறீர்களா? அதில் கிளட்ச் லீவரே கிடையாது. ஸ்டார்ட் செய்து விட்டால் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நிற்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால்தான் நகரும். எஞ்சின் வேகமெடுக்கும்போது உள்ளே இருக்கும் ஷூக்கள் தாமாகவே வெளிப்பக்கம் விரிந்து சக்கரத்துக்கு விசையைக் கடத்தும். இதற்குப் பெயர் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்.

இதே தத்துவம், ஒரு பாட்டில் மூடி அளவுக்குச் சுருங்கி, நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் எஞ்சினோடு சேர்ந்தால்? அதுதான் ரிமோட்டில் ஓடும் நைட்ரோ ரேஸ் காரின் கிளட்ச்.

புதிதாக இந்த ஹாபிக்கு வருபவர்கள் எஞ்சின், டயர், ரேடியோ என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்வார்கள். கிளட்ச்சை மறந்துவிடுவார்கள். ஆனால், ரேஸை பாதியில் முடித்து வைப்பதும், விலை உயர்ந்த எஞ்சினுக்கு வேட்டு வைப்பதும் பல நேரம் இந்தக் குட்டி பாகங்கள்தான். பிரபலமான 1/8 ஸ்கேல் ஆஃப்-ரோடு பக்கியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கு?

பக்கியில் இருப்பது 3.5 சிசி எஞ்சின். மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் ஃப்ளைவீல் இறுக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள பின்களில் பெரும்பாலும் 3 ஷூக்கள். ஒவ்வொரு ஷூவையும் உள்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். இவற்றை மூடியபடி, வெளியே கியர் பற்களுடன் ஒரு சின்னக் கிண்ணம். அதுதான் கிளட்ச் பெல். பெல்லுக்குள் இரண்டு குட்டி பேரிங்குகள்.

எஞ்சின் வேகம் கூடினால் ஷூ, ஸ்பிரிங்கை மீறி விரிந்து பெல்லைப் பிடிக்கும். பெல் சுற்றும், கார் ஓடும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே எல்லாமே தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. ‘தேயாத பார்ட்ஸ் எது?’ என்று தேடுவதில் பயனில்லை. எது முதலில் தேய வேண்டும், அதை எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வதுதான் சரியான தேர்வு.

ஷூ: அலுமினியமா, காம்போசிட்டா?

அலுமினியம் ஷூ கெட்டியாகப் பிடிக்கும், அதிக நாள் உழைக்கும். ஆனால் பெல்லின் உள்சுவரைத் தேய்க்கும். காம்போசிட் ஷூ மென்மையாகப் பிடிக்கும், பெல்லுக்குப் பாதிப்பு குறைவு. ஆனால் அது சீக்கிரம் தேயும்.

புழுதியும் வழுக்கலும் நிறைந்த டிராக்கில் மென்மையான பிடிப்பு நல்லது. இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே டயர் சும்மா சுற்றும். பிடிப்பு நன்றாக உள்ள டிராக், நீளமான ரேஸ் என்றால் அலுமினியம் கைகொடுக்கும். 4 ஷூ செட்டில் இரண்டு வகையையும் கலந்து போடுபவர்களும் உண்டு. புதியவர்கள் காருடன் வரும் 3 ஷூ செட்டிலேயே பழகுவது நல்லது.

ஸ்பிரிங்: 0.1 மி.மீ. செய்யும் மாயம்

ஸ்பிரிங்குகள் கம்பியின் தடிமனை வைத்து விற்கப்படுகின்றன: 0.9, 1.0, 1.1 மி.மீ. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓட்டினால் வித்தியாசம் புரியும்.

மெல்லிய ஸ்பிரிங் என்றால் ஷூ சீக்கிரமே விரியும். கார் நிதானமாகக் கிளம்பும். தடிமனான ஸ்பிரிங் என்றால் எஞ்சின் நன்றாக வேகமெடுத்த பிறகுதான் கிளட்ச் பிடிக்கும். கார் பாய்ந்து கிளம்பும். ‘அப்போ தடிமனானதே போடலாமே?’ என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். தாமதமாகப் பிடிக்கும் கிளட்ச் அதிக வேகத்தில் உரசும். உரசினால் சூடு. பிக்கப் வேண்டுமென்று கேட்டால் அதற்கான விலையைப் பெல்லும் பேரிங்கும் கொடுக்கும். 1.0 மி.மீ.யில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள்.

பெல்: ஒரு பல் கூடினால்...

1/8 பக்கியில் 13 பல் பெல் பரவலாகப் பயன்படுகிறது. 14 பல் போட்டால் டாப் ஸ்பீடு கூடும், கிளம்பும்போது கிளட்ச்சுக்குச் சுமையும் கூடும். 12 பல் என்றால் நேர்மாறு. சின்ன டிராக்கில், வளைவுகள் அதிகம் இருக்கும் இடத்தில், ஒரு பல் குறைப்பது கிளட்ச்சுக்கு நிம்மதி. வாங்கும்போது காற்றுத் துளைகள் உள்ள பெல்லாகப் பாருங்கள். சூடும் தேய்மானத் தூளும் வெளியேற வழி இருக்கும்.

சின்ன பேரிங், பெரிய வில்லன்

பெல்லுக்குள் இருப்பவை பெரும்பாலும் 5×10×4 மி.மீ. பேரிங்குகள். கார் ஓடும்போதுதான் பேரிங் உழைக்கிறது என்று நினைப்போம். இங்கே கதை தலைகீழ். கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால் ஷாஃப்டும் பெல்லும் ஒன்றாகச் சுற்றும், பேரிங்குக்கு வேலை இல்லை. கார் நிற்கும்போது பெல் நிற்கும், ஷாஃப்ட் மட்டும் உள்ளே சுற்றும். அப்போதுதான் பேரிங்குக்கு வேலை. கிளட்ச் வழுக்கும்போது இதோடு சூடும் சேர்ந்து கிரீஸை உருக்கிவிடும்.

இந்தப் பிரிவின் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி 1 மணி நேரம் நடக்கும். டேங்க் கொள்ளளவோ 125 மி.லி. மட்டுமே. எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எரிபொருள் நிரப்ப வந்து நிற்க வேண்டும், எஞ்சின் அணையாமல். ஒவ்வொரு நிறுத்தமும் பேரிங்குக்கு ஒரு பரீட்சை. ஒரு பேரிங் இறுகினால் பெல் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். கார் நிற்க மறுக்கும், அல்லது பிரேக் பிடித்ததும் எஞ்சின் அணையும்.

கார் சொல்லும் அறிகுறிகள்

* ஐட்லிங்கில் கார் ஊர்கிறதா? முதலில் ஐட்லிங் வேகம் அதிகமா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், உடைந்த ஸ்பிரிங் அல்லது இறுகிய பேரிங்.
* எஞ்சின் அலறுகிறது, ஆனால் கார் நகர மாட்டேங்குதா? ஷூ தேய்ந்திருக்கலாம், கண்ணாடி போலப் பளபளப்பாகியிருக்கலாம், ஆயில் பட்டிருக்கலாம். இப்படியே தொடர்ந்து ஓட்டினால் சுமை இல்லாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். கிளட்ச்சின் சூடு எஞ்சினின் முன் பேரிங் வரை போகும்.
* ஷூவில் திரும்பத் திரும்ப ஆயிலா? எஞ்சினின் முன் பேரிங் கசிகிறதா என்று பாருங்கள்.
* பெல் நீல நிறமாகியிருக்கிறதா? அதிகச் சூடு பட்டதன் அடையாளம்.
* பெல் உள்சுவரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமா? பெல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழைய பெல்லில் புது ஷூ முழுதாகப் பதியாது.

கார் கட்டுப்பாடு இல்லாமல் ஊர்ந்தால் அது வேடிக்கை அல்ல. உடனே சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கி, சைலன்சர் துளையைத் தடித்த துணியால் அடைத்து எஞ்சினை அணையுங்கள். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எனவே சூடான கிளட்ச் அருகே எரிபொருளைச் சிந்தாதீர்கள்.

10 நிமிட பராமரிப்பு

ரேஸ் முடிந்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பெல்லைக் கழற்றுங்கள்.

1. பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றுங்கள். சொரசொரப்பாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் ஒரு துளி ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆயில் தெறித்து ஷூவுக்குத்தான் போகும்.
2. ஒவ்வொரு ஷூவையும் வெளியே இழுத்து விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். ஒரு ஸ்பிரிங் தளர்ந்தாலும் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிது என்றால் மூன்று ஷூவும் ஒரே நேரத்தில் பிடிக்காது.
3. பளபளப்பான ஷூவையும் பெல்லின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் துடையுங்கள்.
4. ஷூக்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஷூவைத் திருப்பிப் போட்டால் பிடிக்கும் விதமே மாறிவிடும்.
5. திரும்பப் பூட்டும்போது பெல் தடையின்றிச் சுற்ற வேண்டும், மயிரிழை அளவு முன்பின் அசைவும் இருக்க வேண்டும். அசைவே இல்லாவிட்டால் பேரிங் நசுங்கும். அதிகமாக ஆடினால் ஷிம் வாஷர் சேர்க்க வேண்டும்.
6. பெல்லுக்கும் பெரிய கியருக்கும் இடையே மெல்லிய காகிதத்தை விட்டு எஞ்சினை இறுக்குங்கள். காகிதத்தை எடுத்துவிட்டால் கிடைப்பதுதான் சரியான இடைவெளி. கியரைச் சுற்றிவிட்டு இரண்டு மூன்று இடங்களில் சரிபாருங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

நான்கு பேரிங், ஒரு செட் ஸ்பிரிங், ஒரு செட் ஷூ, சில ஷிம்கள். முடிந்தால் ஒரு பெல். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல ரேஸ் எஞ்சினின் விலை பக்கத்தில்கூட வராது. டிராக்குக்குப் போன பிறகு ‘அய்யய்யோ, பேரிங் போச்சே’ என்று நிற்பதைவிட, முதல் நாள் இரவே பெல்லைக் கழற்றிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.