தவணை குறியாத வாடகை வீடு

கல்லடியில் ஒரு குடும்பம் வாடகை வீடு தேடி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். “பிள்ளையின் சோதனை முடியும்வரை இருங்கோ” என்கிறார் வீட்டுக்காரர். முற்பணம் கைமாறுகிறது, சாவியும் கிடைக்கிறது. எழுத்தில் ஒன்றுமில்லை. சில மாதங்களின் பின், “வருகிற கிழமை வீட்டை விட்டுத் தாருங்கோ” என்று அவரே வந்து நின்றால், அக்குடும்பத்தின் கதி யாது?

1638ஆம் ஆண்டு புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச் சென்ற உரோமன்-டச்சுச் சட்டமே இதற்கு விடை கூறுகிறது. தவணை குறியாது மாத வாடகை கொடுத்து வருவது மாதாந்தக் குடியிருப்பு ஆகும். அதை முடிக்க விரும்புபவர் ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அது வாடகை மாதத்தின் இறுதி நாளோடு முடிவுறவும் வேண்டும். வாடகை மாதம் முதலாந் திகதி தொடங்குமாயின், மார்ச் 10ஆந் திகதி கொடுத்த அறிவித்தலால் குடியிருப்பு முடிவது ஏப்ரல் 10இல் அன்று, ஏப்ரல் 30இலேயாம். குடியிருப்பவர் தாமாக வெளியேற விரும்பினும் இவ்விதியே பொருந்தும்.

ஆயின், “சோதனை முடியும்வரை” என்ற வாக்கு என்னவாயிற்று? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதியாக எழுதப்படாவிடின் செல்லாது. அன்போடு சொன்ன வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நில்லாது. ஆதலால் பிள்ளையின் படிப்பை எண்ணி வீடு எடுப்போர், உறுதியின் செலவைப் பெரிதாக எண்ணலாகாது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின், அறிவித்தல் மட்டும் போதாது. வாடகை நிலுவை, சொந்தக்காரரின் நியாயமான தேவை போன்ற, அச்சட்டம் ஏற்கும் காரணமொன்றை அவர் காட்டவேண்டும். எல்லா வீடுகளும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. எனவே தம் வீட்டின் நிலையை வழக்கறிஞரிடம் கேட்டறிவது நலம். எவ்வீடாயினும், குடியிருப்பவர் வெளியேற மறுத்தால் சொந்தக்காரர் நாடவேண்டியது நீதிமன்றத்தையே, பூட்டையன்று.

நம் குடும்பங்கள் செய்யவேண்டியவை சிலவே. மாதந்தோறும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகுந்த திகதியைக் குறித்து வையுங்கள். அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் முகமறிந்து பழகும் ஊரில், கணக்கு எழுத்தில் இருந்தால் உறவும் கெடாதிருக்கும்.