சி டிரைவ் நிரம்பிவிட்டதா?

கடையில் சரக்கு இறக்க இடமில்லாவிட்டால் நாம் முதலில் ஸ்டோரைத் திறந்து பார்ப்போம். ஓடாத சரக்கு எது, வெறும் பெட்டி எது என்று பிரிப்போம். ஆனால் கம்பியூட்டரில் இடம் போதாது என்ற அறிவித்தல் வந்தால் மாத்திரம் புதியது வாங்க ஓடுகின்றோம். அல்லது கடைப் பையனிடம் "வேண்டாததை அழித்துவிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகின்றோம். இரண்டாவதுதான் ஆபத்தானது. எது வேண்டாதது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

256 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி திரையில் 238 என்று காட்டுவதால், விற்றவர் அளவில் ஏமாற்றிவிட்டதாக என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு. ஏமாற்று இல்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றார். விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகின்றது. இறாத்தல், கிலோ வித்தியாசம் போலத்தான்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்ததால் பலர் 11க்கு மாறினார்கள். அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் தங்கி, பல ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். வழமையாகப் பத்து நாட்களில் தானாகவே நீங்கிவிடும். நீங்காவிட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் நீக்கலாம். பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது.

அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதற்குச் சரி அடையாளம் இடுமுன் கையை நிறுத்துங்கள். சப்ளையரின் இன்வொய்ஸ், வங்கிக் கூற்று, சுங்கப் பத்திரம் என்று நமது வியாபாரத்தில் பாதி அங்கேதான் கிடக்கின்றது. அந்த ஃபோல்டரைக் கையால்தான் துப்புரவாக்க வேண்டும். அளவு வாரியாக அடுக்கினால் பெரிய வீடியோக்கள் மேலே வரும். ஒரே விலைப்பட்டியலை மூன்று தரம் இறக்கியிருந்தால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று நிற்கும். திறந்து பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை இடம் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

அவுட்லுக் பாவிப்போருக்கு ஒரு விசயம். ஆயிரம் மின்னஞ்சல்களை அழித்தாலும் பிஎஸ்டி ஃபைல் உடனே சுருங்காது. அக்கவுண்ட் செட்டிங்ஸில், டேட்டா ஃபைல் பகுதியில், 'கொம்பெக்ட் நவ்' கொடுத்து அதைச் சுருக்கலாம்.

கணக்கு மென்பொருளின் ஃபோல்டரைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். பழைய வருடத்துக் கணக்கை, உங்கள் கணக்காளரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வரித் திணைக்களத்தார் கேட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைப் பையன் அல்ல, நீங்கள். இடத்துக்காக அதை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிவிட்டு "பெக்அப் இருக்கின்றது" என்று சிலர் நிம்மதியாக இருக்கின்றார்கள். கம்பியூட்டரில் அழித்தபின் அந்த டிஸ்க்கில் இருப்பதும் ஒரேயொரு பிரதிதானே! அது கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும். இரண்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

வன்டிரைவிலும் கவனம் தேவை. இணைக்கப்பட்ட ஃபோல்டரில் அழித்தால் இணையத்திலுள்ள பிரதியும் போய்விடும். வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தெரிந்தால் கம்பியூட்டரில் மாத்திரம் இடம் விடுபடும்.

இத்தனைக்கும் பிறகு இடம் போதாவிட்டால் பெரிய எஸ்எஸ்டி வாங்குங்கள். மாற்றித் தருபவரிடம் பழையதைக் கேட்டு வாங்கி, புதியதில் கணக்கு சரியாகத் திறக்கின்றதா என்று ஒரு மாதமாவது பார்த்தபின் அதை என்ன செய்வதென்று தீர்மானியுங்கள்.